பன்னிரண்டு நாள் கேஷுவல் லீவு

அத்தியாயம் 9

நீலகிரி மலையில் வசிக்கும் சகல கனவான்களும் சீமாட்டிகளும் இந்தப் பத்தியை எழுந்து நின்று வாசிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தொப்பி அணிந்தவர்கள் கழற்றிவிடவும். குளிர் தாங்காதவர்கள் மட்டும் மஃப்ளரோடு வாசிக்கலாம்.

கோப்பை கிடைத்துவிட்டது!

எந்தக் கோப்பை என்று கேட்பவர் குன்னூருக்குப் புதியவராக இருக்க வேண்டும். மலைத்தோட்டக் கனவான்கள் மன்றத்தின் நூற்றுப்பதினோரு வயது வெள்ளிக் கோப்பை. கப்பலேறி ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை, பெட்டியில் இடம் இல்லாமல் விட்டுவிட்டுப் போனது. வருடா வருடம் மே மாதம், மலையிலேயே சிறந்த நாய்க்கு அது வழங்கப்படும். நாய் அதை ஒரு தடவை முகர்ந்து பார்க்கும். எல்லோரும் கை தட்டுவார்கள். கோப்பை மறுபடி கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும்.

போன மாதம் அது அலமாரியிலிருந்து காணாமல் போனது. அதே மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் ஆறு பங்களாக்களிலும் பூட்டு உடைந்திருந்தது. அவற்றுக்கு ஓர் ஏட்டு வந்து, வீட்டுக்காரரிடமே பேனா இரவல் வாங்கி எழுதிக்கொண்டு போனார், பேனாவும் போயிற்று. கோப்பைக்கோ மூன்று தனிப்படைகள்.

இரண்டே வாரத்தில் மீட்டுவிட்டார்கள். பத்திரிகைக் குறிப்பு நான்கு பக்கம். மூன்றே முக்கால் பக்கத்துக்கு அதிகாரிகளின் பெயரும் பதவியும். மிச்சமிருந்த கால் பக்கத்தில் குற்றவாளி ஒண்டிக்கொண்டிருந்தார்: வடிவேல், வயது ஐம்பத்து நான்கு, கீழ் கோத்தகிரிப் பக்கம் டன்பாரி எஸ்டேட்டின் உர ஸ்டோர் வாட்ச்மேன்.

அந்த வடிவேலின் மனைவி ராஜகுமாரிதான், புதன்கிழமை காலையில், குன்னூர் பெட்போர்டு பகுதியில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் கருணாகரன் துப்பறியும் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு நாயக் கண்டாலே ரோட்ட தாண்டிப் போறவருங்க மேடம். நாய் கப்பை எதுக்குங்க எடுக்கப் போறாரு?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது நாஜ்னீனுக்கு. முப்பத்தாறு வயது, ஊட்டி பஜாரில் செருப்புக்கடை நூர்தீனின் மகள், இந்த நிலையத்தின் ஒரே உதவியாளர். வாசலில் 'ரகசியம் காக்கப்படும்' என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெரிகிற அளவில் போர்டு எழுதி வைக்கும் முதலாளியிடம் இரண்டு வருடம் வேலை பார்த்ததில் அவளுக்கு எதுவும் வியப்பாக இருப்பதில்லை.

"ஜாமீன் எப்பங்க்கா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்குங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்து வேலைக்கு நின்னுட்டா எஸ்டேட் குடுத்த லயத்து ஊடு நிக்கும், இல்லாட்டி காலி பண்ணிருன்னு மேனேஜர் தொரை சொல்லிட்டாரு. மூணு தலைமுறையா அந்த எஸ்டேட்டுதாங்க. வேற எங்க போறதுன்னே தெரியாது."

வக்கீல் கொடுத்த போலீஸ் காகிதங்களைக் கருணாகரன் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடப் போலீஸ் வேலை, இன்ஸ்பெக்டராக ஓய்வு, மீசைக்கு மட்டும் ஓய்வு இல்லை. 'நிரபராதி ஒருத்தனையும் நான் உள்ள அனுப்புனதில்ல' என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். நாஜ்னீன் வானிலை அறிக்கையை நம்ப மாட்டாள், ராசிபலனை நம்ப மாட்டாள், சொந்தத் தம்பியை நம்ப மாட்டாள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பினாள். அதற்காகத்தான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள்.

"சத்தமாப் படிங்க சார். எங்களுக்கும் பொழுது போகும்."

அவர் படித்தார். "'பொருள் டன்பாரி ஸ்டோர்ல இருக்கு, போய் எடுத்துக்கங்க என்று தொலைபேசியில் ரகசியத் தகவல் கிடைத்ததன்பேரில், மேற்படி எஸ்டேட்டின் உர ஸ்டோரைச் சோதனையிட்டு, யூரியா மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து...'"

நிறுத்தினார். அந்த வரியை மறுபடி, இந்தத் தடவை மனதுக்குள், படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு டீ சொல்லு."

"காலைலேர்ந்து இது நாலாவதுங்க சார். துப்பறியறீங்களா, டீ ஏலம் நடத்தறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மன்றத்தின் வாசலில் வெள்ளைச் சீருடைக்காரர் கருணாகரனின் பாதங்களைப் பார்த்துக் கை நீட்டித் தடுத்தார். ஷூ அணியாதவர்களுக்கு அனுமதி இல்லை. பூட்டை உடைத்துக்கொண்டு வந்தவன் ஷூ போட்டிருந்தானா என்பது பற்றி மன்றத்தின் விதிகளில் ஏதும் இல்லை.

"நீங்க வெளிய உக்காந்து கௌரவமா இருங்க சார். நான் சமையக்கட்டு வழியாப் போறேன். அந்த வழிக்குச் செருப்பே போதும்."

சமையல்கட்டில் நூர் அகமது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நாஜ்னீனின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மன்றத்தில் ஐம்பது வருடச் சேவை. தலைவர்கள் பதினெட்டுப் பேர் மாறியும் அந்த அறையில் டீ மட்டும் மாறாமல் இருந்ததற்குக் காரணம் அவர்.

"சாச்சா, அந்தக் கப்பு வந்தப்ப எப்பிடி இருந்துச்சு?"

"நாந்தான் கழுவினேன். வெளிய பளபளன்னு இருந்துச்சு. உள்ளார ஒரு கைப்பிடி டீத்தூள்."

"டீத்தூளா? உரத்தூளா?"

உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாருகிட்ட என்ன கேக்கறே? டஸ்ட் டீ. பழைய தூள். வெயில் படாம மூணு வருஷமாச்சும் கெடந்திருக்கணும்."

"அவ்ளோ கரெக்டா எப்பிடித் தெரியும்?"

"போட்டுக் குடிச்சுப் பாத்தேன்."

ஆக, இந்த வழக்கின் முதல் தடயத்தை ஒரு பெரியவர் பால், சர்க்கரை சேர்த்துக் குடித்துவிட்டார். இரண்டாவது தடயம் கோப்பையின் காதுகளில் இருந்தது. பூ வேலைப்பாட்டின் இடுக்குகளில் கறுப்பாகத் தூள் அடைத்திருந்தது. அதைக் குச்சி விட்டு எடுக்க நூர் அகமதுவின் கழுத்துவலி இடம் கொடுக்கவில்லை. நாஜ்னீன் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து மூச்சு விடாமல் சொன்னாள். "யூரியா மூட்டைக்குப் பின்னால ரெண்டு வாரம் கெடந்த வெள்ளி, கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குதுங்க சார். உள்ள டீத்தூள். அது உர ஸ்டோர்ல இருக்கவே இல்ல. எங்கியோ ஒரு டீ ஃபேக்டரில இருந்திருக்கு. அங்கிருந்து யாரோ தூக்கிட்டு வந்து வச்சிருக்காங்க."

"ம்," என்றார் கருணாகரன்.

"இவ்ளோ பெரிய விஷயத்துக்கு ஒரு 'ம்'மா? ஒரு 'அடடே' கூடக் கெடையாதா?"

"காலைல எஸ்டேட்டுக்குப் போலாம்," என்றார். கிளம்புவதற்கு முன் ஒரு போன் பேச வேண்டும் என்று மன்றத்தின் கடைசிப் படியில் நின்றுகொண்டார். அவள் காரில் காத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை காரை அவள்தான் ஓட்டினாள். கோத்தகிரி தாண்டி, பஜார் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் போன் சிக்னல் செத்துப்போய் மேப் நின்றுவிட்டது. போர்டும் இல்லை. கேட்பதற்கு ஆளைத் தேடினாள்.

"இடது," என்றார் கருணாகரன், கண்ணை மூடிக்கொண்டே.

எஸ்டேட் வந்ததும் அவர் இறங்கவில்லை. முழங்கால் வலி என்றார். குளிர் என்றார். துப்பறியும் நிபுணர் காருக்குள் கம்பளியைப் போர்த்திக்கொள்ள, உதவியாளர் சேற்றில் இறங்கி நடந்தாள்.

உர ஸ்டோர் என்பது தகரக் கதவு போட்ட ஒற்றை அறை. கதவில் போலீஸ் சீல். நெற்றியில் ஆபீஸ் எழுதிவைத்த 'உர ஸ்டோர்' போர்டு. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். யூரியா, பொட்டாஷ், மருந்தடிக்கும் பம்பு. டீ எஸ்டேட்டிலேயே டீத்தூள் இல்லாத ஒரே இடத்தில்தான் டீத்தூள் நிறைந்த கோப்பையைப் போலீஸ் கண்டுபிடித்திருந்தது.

"இந்த ஸ்டோர் சாவி அண்ணங்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சா?" என்று, லயத்திலிருந்து கூட வந்த ராஜகுமாரியிடம் கேட்டாள்.

"இது உர ரூம்புங்க. இது சாவி இவருகிட்ட ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு. ஸ்டோருக்கு வேற ஆளு."

"இதுதானே ஸ்டோர்? போர்டு போட்டிருக்கே."

"போர்டு ஆபீஸ்காரங்க வச்சது. ஸ்டோரு அங்கிருக்குது பாருங்க," என்று ராஜகுமாரி சரிவுக்குக் கீழே கையைக் காட்டினாள். மூன்று மாடி, தகரக் கூரை, புகை வராத புகைபோக்கி.

"அது ஃபேக்டரிங்க்கா."

"உங்களுக்கு ஃபேக்டரி. எங்களுக்கு ஸ்டோரு. சிலோன்ல அப்படித்தான் சொல்லுவாங்களாம். கொழுந்து கொண்டுபோய்ப் போட்டு, அரைச்சு, தேயிலையாக்குற எடம் ஸ்டோரு. எங்கம்மா அப்பா அங்கிருந்து கப்பல்ல வந்தவங்க. நம்ம லயத்துல ஒருத்தரும் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டோம். சொன்னா, பெரிய தொரையாட்டம் பேசறான் பாருன்னு சிரிப்பாங்க."

நாஜ்னீன் அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். கல் ஈரம். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பொருள் டன்பாரி ஸ்டோர்ல இருக்கு. போன் பண்ணியவன் ஃபேக்டரியைச் சொல்லியிருக்கிறான். போனை எடுத்தவர், போர்டில் ஸ்டோர் என்று எழுதியிருந்த அறையை எழுதிக்கொண்டார். அப்படியானால், சொன்னவன் இந்த லயங்களில் வளர்ந்த ஆள். கோப்பை எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரிந்ததற்குக் காரணம், அங்கே வைத்தவனே அவன்தான்.

"ஸ்டோரு சாவி யாருகிட்டக்கா?"

"ஸ்டோரு மூடி மூணு வருஷமாச்சு. சின்னராஜு கொழுந்து லாரிய அதுக்குள்ள நிறுத்திக்கறான். சாவியும் அவங்கிட்டத்தான். நம்ம பையன்தாங்க, அடுத்த லயம். எங்க ஊட்டுக்காரர மாமான்னுதான் கூப்புடுவான். இவரப் புடிச்சிட்டுப் போன அன்னைக்கு எங்கூடவே ஸ்டேஷன்ல நின்னான். ஜெயிலுக்கு ஆரஞ்சுப்பழம்கூட வாங்கிட்டுப் போய்க் குடுத்தான்."

சின்னராஜுக்கு நாற்பது வயதிருக்கும். லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவன், நாஜ்னீனைப் பார்த்ததும் குழாயை மூடினான். பயந்தவன் மூடுகிற மாதிரி இல்லை. விருந்தாளி வந்தால் டிவியை அணைக்கிற மாதிரி.

"வாங்கக்கா. பாக்கறதுன்னா தாராளமா பாருங்க."

பார்த்தாள். உள்ளே தரை முழுக்கப் பழைய டீத்தூசு, விரல்கனத்துக்கு. அந்தத் தூசில் இடைவெளிகள் இருந்தன. பெட்டி அளவில் ஒரு சதுரம். டிவி அளவில் நீளமாக ஒன்று. இன்னும் மூன்று நான்கு சதுரங்கள். ஓரமாக, பலகையடியில், அழகான வட்டம் ஒன்று. ஆறு பங்களாக்களும் ஒரு கோப்பையும் அங்கே தங்கள் அச்சை விட்டுப் போயிருந்தன. வட்டத்தின் மேல் லேசாகப் புதுத்தூசு படிந்திருந்தது. மற்றவை பளிச்சென்று இருந்தன, நேற்றுத் தூக்கிய மாதிரி.

"எப்ப மாத்துனீங்க?"

"எதைக்கா?"

"நான் போலீஸ்ல சொல்வேன்."

"சொல்லுங்க." சிரித்தான். "சார் இறங்கலீங்களா? வண்டியிலயே உக்காந்திருக்காரே. நான் சொகம் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டாள். படங்கள் எடுத்துக்கொண்டு மேடு ஏறி ஓடினாள். ஸ்டோர், தூசு, வட்டம், சாவி, எல்லாவற்றையும் காரின் ஜன்னல் வழியாகக் கொட்டினாள். கருணாகரன் கேட்டுக்கொண்டார்.

"கெட்டிக்காரி," என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் பாராட்டினார். "மனோகரனப் பாத்துட்டுப் போயிரலாம்."

இன்ஸ்பெக்டர் மனோகரன் கருணாகரனிடம் தொழில் கற்றவர். எழுந்து நின்று "ஐயா வாங்க" என்றார். மூன்று டீயும் ஒரு தட்டு வர்க்கி பிஸ்கட்டும் வந்தன. சுவரில், கோப்பையை நடுவில் வைத்துப் பதினாறு அதிகாரிகள் எடுத்துக்கொண்ட படம். கோப்பை மட்டும் நடுவில் இல்லையென்றால் அது ஏதோ ஓய்வுபெறும் விழா என்று தோன்றும்.

மணி பன்னிரண்டு. கோர்ட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். நாஜ்னீன் போனை மேஜையில் வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டி முடித்தாள். மனோகரன் நிஜமாகவே கை தட்டினார்.

"நல்லா டிரெயின் பண்ணியிருக்கீங்க ஐயா. அம்மணிய டிபார்ட்மென்ட்டுக்கே எடுத்துக்கலாம்."

"என்னைய அப்பறம் எடுத்துக்கங்க. மொதல்ல சின்னராஜ எடுங்க."

மனோகரன் வர்க்கியை இரண்டாக உடைத்தார். கருணாகரனைப் பார்த்தார். கருணாகரன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, இன்னும் சொல்லலீங்களா? நேத்து போன்ல, நான் பாத்துக்கறேன், நீ பொருள மட்டும் நகத்திருன்னீங்களே."

நேற்று. மன்றத்தின் கடைசிப் படி. அவள் காரில் காத்திருந்தது.

அப்போது அவளுக்குள் ஒவ்வொன்றாக இடம் சேர்ந்தது. மேப் செத்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'இடது' என்றவர். இறங்காத முழங்கால். ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டு டீ கேட்ட வாய்.

"ஸ்டோர்னா ஃபேக்டரின்னு உங்களுக்கு நேத்தே தெரியும்."

"ஏழு வருஷம் அவன் போன எடுத்தது நாந்தான் நாஜு," என்றார் கருணாகரன். "ரிட்டயர் ஆகறப்ப மனோகரங்கிட்ட ஒப்படைச்சேன்."

"இன்ஃபார்மர்," என்றாள்.

"சோர்ஸ்," என்று திருத்தினார் மனோகரன். பேரை மாற்றினால் வாசனை மாறும் என்பது அரசாங்கத்தின் பழைய நம்பிக்கை. "போன வருஷம் கூடலூர் செக்போஸ்ட்ல புடிச்சமே, ரெண்டாயிரம் மாத்திரை. போதை மாத்திரைங்க அம்மணி, ஸ்கூல் பசங்களுக்குன்னே வந்தது. தகவல் அவன் குடுத்தது. அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு வண்டி கஞ்சா. கொழுந்து லாரி ஓட்டறவன், பார்டர் வரைக்கும் போவான், எல்லார்கூடயும் டீ குடிப்பான். இப்பிடி ஒரு ஆள் எங்க கெடைப்பான்? அவனுக்குன்னு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பூட்டுன ஊட்டப் பாத்தா கை அரிக்கும். நாங்க கொஞ்சம் கண்ண மூடிக்குவோம். அதுக்கு ஐயா ஒரு சட்டமே போட்டிருக்கார். எனக்கு டிரெயினிங்ல சொன்னது."

"வேணாம் மனோகரா."

"நல்லாருக்கும், கேக்கட்டுங்கய்யா. சோர்ஸுக்கு வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் கேஷுவல் லீவு. சட்டத்துலேர்ந்து! அன்னைக்கு அவன் என்ன பண்ணுனாலும் நாம கேக்கறதில்ல. மெடிக்கல் லீவு மட்டும் கெடையாது. அப்படின்னா, யாருக்கும் அடி படக்கூடாது, ரத்தம் வரக்கூடாது." மனோகரன் ரசித்துச் சிரித்தார். "இந்த வருஷம் ஏழு நாள் எடுத்துட்டான். ஏழாவது நாள் போயும் போயும் நாய் கப்புல கை வச்சுட்டான். மேலேர்ந்து போன் மேல போன். கப்ப மட்டும் குடுத்துர்றான்னேன். ஸ்டோர்ல இருக்கு, எடுத்துக்கங்கன்னான். ஆளில்லாத எடத்துல கேட்பாரில்லாமக் கெடந்துச்சு, திருடன் தலைமறைவுன்னு முடிச்சிரலாம்னுதான் பிளான். எங்க ரைட்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு, வந்து ரெண்டு மாசந்தான் ஆச்சு. எஸ்டேட்ல ஸ்டோர்னு போர்டு போட்ட ரூம்பு எதுன்னு விசாரிச்சு, சோதனை போட்ட மாதிரி எல்லாத்தையும் முன்னாடியே டைப் அடிச்சு, சாட்சி கையெழுத்தும் வாங்கி, மேல அனுப்பிட்டாரு. மேல அவங்க பத்திரிகைக்குக் குடுத்துட்டாங்க. அப்பறம் போய்ப் பாத்தா உர ரூம்புல யூரியாதான் இருக்கு."

"அதனால?"

"காகிதத்த நகத்த முடியாதுங்களே. கப்ப நகத்துனோம்."

"வடிவேலு?"

"சாவி அவருகிட்ட இருந்துச்சு. அவரு மேல எங்களுக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது. நடுவுல வந்துட்டாரு."

நாஜ்னீன் மனோகரனை விட்டுவிட்டாள். அவர் தன் தொழிலைச் செய்கிறார். திரும்பி உட்கார்ந்து, இரண்டு வருடமாக 'சார்' என்று கூப்பிட்ட மனிதரைப் பார்த்தாள்.

"சின்னராஜு லீவு எடுத்தா, வடிவேலு எதுக்குங்க சார் அவனுக்குப் பதிலா டூட்டி பாக்கணும்?"

"நாஜு, அந்த மாத்திர ஸ்கூலுக்குப் போயிருந்தா? உங்கக்கா பையன் எந்த ஸ்கூல்?"

"என் அக்கா பையன வச்சு என் வாய மூடாதீங்க. நிரபராதி ஒருத்தனையும் உள்ள அனுப்புனதில்லன்னு சொல்வீங்க. அத நம்பித்தான வந்தேன்."

"நான் அனுப்பல," என்றார் கருணாகரன். "நான் ரிட்டயர்டு."

சொன்னது எப்படி இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். டீயில் நனைத்த வர்க்கி உடைந்து உள்ளே விழுந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

"அவன் பேரச் சொல்ல வேணாம்," என்றாள் நாஜ்னீன். "ஸ்டோர்ங்கற ஒரு வார்த்தைய மட்டும் கோர்ட்ல சொல்லுங்க. போதும்."

"அந்த வார்த்தைதான் அவன் பேரு. அதச் சொன்னா, அந்த லயத்து ஆளு, அந்தச் சாவி, அவ்ளோதான். கூடலூர் மாத்திரைக்காரனுங்க ஒரு வாரம் உசுரோட விட மாட்டானுங்க. ரெண்டு பொண்ணு இருக்கு அவனுக்கு."

பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் டீயை அவர் முகத்தில் ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம்.

மனோகரன் முன்னால் சாய்ந்தார். "அம்மணி, ஐயாவுக்காக ஒண்ணு பண்றேன். இன்னைக்கு ஜாமீன நாங்க எதிர்க்கல. வடிவேலு சாயங்காலம் ஊட்ல இருப்பாரு. ஆனா, நீங்க கோர்ட்டுல டீத்தூளு, ஸ்டோருன்னு எதாச்சும் ஆரம்பிச்சீங்கன்னா, விசாரணை பாக்கின்னு நாங்க எதிர்க்க வேண்டி வரும். அப்பறம் அவரு பொங்கலுக்கும் உள்ளதான்."

"கேஸு?"

"நிக்காது. ரெண்டு மூணு வருஷத்துல விட்ருவாங்க."

நாஜ்னீன் கார் சாவியைக் கருணாகரனின் தட்டில் வைத்தாள், வர்க்கித் தூள்களுக்கு நடுவில். போனை எடுத்துக்கொண்டாள்.

"நாஜு," என்றார்.

"லீவு லெட்டர் அப்பறம் அனுப்பறேன் சார்."

அதற்கு மனோகரன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கோர்ட் வராந்தாவில் ராஜகுமாரி நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில், தண்ணீர் பாட்டிலும் கையுமாக, சின்னராஜ்.

"வந்துட்டீங்களா மேடம்! ஜாமீன் கெடைச்சுருங்குறாங்க வக்கீலம்மா. கையெழுத்துப் போட ரெண்டு பேரு வேணுமாம். லயத்துல அத்தனை பேரையும் கேட்டேன், போலீஸுன்னதும் ஒருத்தரும் வரல. சின்னராஜுதான் லாரி ஆர்.சி. புக்க எடுத்துட்டு ஓடியாந்தான். மாமாவுக்கு நான் இல்லாம யாருன்னு கேக்கறான் மேடம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ஒரு ஆளுதான் கெடைக்கல."

சின்னராஜ் நாஜ்னீனைப் பார்த்தான். காலையில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தான்.

வாயைத் திறந்தால் ஒரே ஒரு வாக்கியம். ராஜகுமாரி அந்த ஆர்.சி. புக்கைப் பிடுங்கித் தரையில் எறிவாள், எறியத்தான் வேண்டும். அப்புறம் கையெழுத்துக்கு ஆள் இல்லை. வடிவேல் உள்ளே, ஞாயிற்றுக்கிழமை வரும், லயத்து வாசலில் பாத்திரங்கள் வந்து நிற்கும். வாயை மூடினால், கருணாகரன் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவளும் போய் உட்கார்ந்தாகிவிட்டது.

வக்கீல் கீர்த்தனா எட்டிப் பார்த்தாள். "ரெண்டாவது ஆள் யாருங்க? சீக்கிரம் சொல்லுங்க, கூப்புடப் போறாங்க."

"நாந்தான்," என்றாள் நாஜ்னீன். "எங்க கடை வரி ரசீது போதுங்களா? போன்ல இருக்கு. அசல எங்கப்பா ஒரு மணி நேரத்துல கொண்டாந்துருவாரு."

"மேடம்," என்று ராஜகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது நாஜ்னீனுக்கு. எடுக்கவில்லை.

போலீஸ் எதிர்க்கவில்லை. மனு மூன்று நிமிடத்தில் முடிந்தது. குமாஸ்தா பத்திரத்தை நீட்டினார். முதல் வரியில் சின்னராஜ் கையெழுத்துப் போட்டான், பெரிய எழுத்தில், கோடு இழுத்து. பேனாவை மூடாமல் அவளிடம் நீட்டினான்.

"இந்தாங்கக்கா," என்றான் மெதுவாக. "உங்கள மறக்க மாட்டேன்."

"மறந்துரு," என்றாள். அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். வடிவேலின் நன்னடத்தைக்கு இருவரும் பொறுப்பு என்று மேலே அச்சடித்திருந்தது.

வடிவேல் ஐந்தே காலுக்கு வெளியே வந்தார். அவருடைய வேலையை எஸ்டேட், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல், அன்று காலையிலேயே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தது.